ஃப்ரீசரில் இருந்த ஃபிலிம்

அந்த வீட்டில் ஃப்ரிட்ஜைச் சுத்தம் செய்வது அவள் வேலை. வேறு யாரும் செய்யக்கூடாது என்று சட்டம் போட்டவளும் அவள்தான். மற்ற எந்த வேலையில் கணவனோ மகளோ கை வைத்தாலும் அப்பாடா என்று உட்கார்ந்துவிடுவாள். ஃப்ரிட்ஜ் பக்கம் யாராவது துணியோடு போனால் மட்டும் எங்கிருந்தாலும் ஓடி வந்துவிடுவாள். பழைய ஃப்ரிட்ஜ் அது. ஃப்ரீசருக்குள் பனி ஏறிக்கொண்டே போய், கடைசியில் ஒரு பட்டாணிப் பாக்கெட் நுழைய மட்டும் இடம் விட்டு வைக்கும். அப்போது ஸ்விட்சை அணைத்து, தரையில் பழைய துண்டுகளை விரித்து, உள்ளே ஒரு பாத்திரம் வெந்நீரை வைத்துவிட்டு, பனி தானாக விட்டுக்கொடுக்கும் வரை காத்திருக்க வேண்டும். கத்தியால் குத்தக்கூடாது. குத்தி ஒரு தடவை கேஸ் போய், மெக்கானிக்கிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதே போதும்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பட்டாணி வெளியே வந்தது, பாதி ரொட்டி வந்தது, காலியான ஐஸ்கிரீம் டப்பா ஒன்று வந்தது. யார் காலி செய்தது, காலி செய்ததை எதற்குத் திரும்ப வைத்தது என்று அந்த வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. கடைசியாக, பின்சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்த தகர மிட்டாய் டப்பா வந்தது. மகள் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதைத் தூக்கிப் போட்டா இன்னொரு ஐஸ்கிரீம் வெக்கலாம்லம்மா?"

"உன்னைத் தூக்கிப் போட்டா எனக்கு ஒரு ரூமே கிடைக்கும்டி."

"உள்ள என்னதான் இருக்கு? வைரமா?"

"ரப்பர்."

"ரப்பரை எதுக்கு ஃப்ரீசர்ல வெக்கணும்?"

"வெளிய வெச்சா உங்கப்பா மாதிரி சாயம் போயிடும்."

மகள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவள் டப்பாவைத் திறந்து, உள்ளே இருந்த அலுமினியத் தாளைப் பிரித்தாள். கட்டைவிரல் அகலத்துக்கு ரோஜா நிறத்தில் ஒரு ஃபிலிம். ஒரு மூலை சாய்வாக வெட்டியிருந்தது. மூலையைப் பார்த்தாள், திருப்தியாக மடித்து வைத்தாள். அவ்வளவுதான் பார்த்தது. தாள் கொஞ்சம் புதிதாகப் பளபளத்ததோ என்று பின்னால் எத்தனையோ முறை யோசித்திருக்கிறாள். அன்றைக்கு யோசிக்கவில்லை.

அவளுடைய அப்பா பஸ் ஓட்டியவர். அந்தக் குடும்பத்தில் காலேஜ் படியேறிய முதல் ஆள் அவள். ஏறியவள் நிற்காமல் எம்.எஸ்சி., அதற்கு மேல் ஆராய்ச்சி என்று போய், ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய மேடத்தின் லேபில் சேர்ந்தாள். நிலத்துக்கடியில் ஜன்னல் இல்லாத அறை, கறுப்புத் திரை, அதிராமல் இருக்கக் காற்றில் மிதக்கிற கனத்த மேசை. உள்ளே போனால் வெளியே மழையா வெயிலா என்று தெரியாது.

லேசர் என்றால் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். எதிரெதிரே இரண்டு கண்ணாடி, நடுவில் வெளிச்சம் போய்ப் போய்த் திரும்பிப் பலம் பிடிக்கும். மேடத்தின் லேபில் செய்ததற்குக் கண்ணாடியே கிடையாது. வளைத்தால் வளைகிற, இழுத்தால் இழுபடுகிற ஒரு பசையில் ரோஜா நிறச் சாயத்தைக் கலந்து, அதில் வெள்ளிக் கம்பிகளைத் தூவி, மெல்லிசாக ஊற்றி உறைய வைப்பார்கள். கம்பி என்றால் தலைமுடியை ஆயிரமாகப் பிளந்தால் வருமே, அந்த மாதிரிக் கம்பி. வெளியிலிருந்து பச்சை லேசரை அதன் மேல் அடித்தால், உள்ளே பிறக்கிற வெளிச்சம் ஒரு கம்பியில் மோதி, அடுத்ததற்குப் போய், அதில் மோதி இன்னொன்றுக்குப் போய், வெளியே வர வழி தெரியாமல் சுற்றும். சுற்றுகிற சுற்றுக்கெல்லாம் சாயத்திடமிருந்து பலம் வாங்கிக்கொள்ளும். கடைசியில் வெளியே வரும்போது லேசராக வரும். கம்ப்யூட்டர் திரையில் ஊசி ஊசியாக எழுந்து நிற்கும். லேபில் அதற்குப் பீக் என்று பெயர்.

கம்பிகள் விழுந்த இடத்தில் விழும். இப்படி விழு, அப்படி விழு என்று யாரும் சொல்லி வைக்க முடியாது. ஒரே கை, ஒரே கிண்ணம், ஒரே நாள் என்றாலும் இரண்டு ஃபிலிம் ஒன்றுபோல வராது. ஒன்று பச்சை பட்டதுமே துள்ளி எழும். பக்கத்தில் இருப்பது என்ன கொஞ்சினாலும் மந்தமாக மினுக்கிவிட்டுப் படுத்துவிடும். ஒரு ஃபிலிமின் பீக்குகள் அதற்கு மட்டும்தான், கைரேகை மாதிரி. அதே இடத்தில் எத்தனை நாள் கழித்து அடித்தாலும் அதே இடங்களில்தான் எழும். வம்பு என்னவென்றால், அடிக்க அடிக்கச் சாயம் வெளுத்துக்கொண்டே போகும். நல்ல ஃபிலிம் அமைந்துவிட்டால் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டத் தோன்றும். காட்டிக் காட்டியே அதன் கதையை முடித்துவிடுவார்கள்.

அவளுக்கு ஒரு நல்ல ஃபிலிம் அமைந்தது. உறைய வைக்கிற அடுப்பின் தட்டு ஒரு பக்கம் சரிந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. ஊற்றியது வழிந்து ஒரு மூலையில் கம்பிகள் கூட்டமாகச் சேர்ந்துவிட்டன. தூக்கி எறிய வேண்டிய ஃபிலிமைச் சும்மா அடித்துப் பார்த்தாள். மேடம் டீக் கோப்பையோடு உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "இவ்வளவு கம்மி பவர்லயா?" என்று நான்கைந்து தடவை கேட்டார். திரையில் மூன்று பீக். இரண்டு உயரமாக, ஒட்டி ஒட்டி. மூன்றாவது குட்டையாக, கொஞ்சம் தள்ளி. கூடப் படித்த ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டு, "கல்யாண ஜோடியும், ஓரமா முறைச்சுக்கிட்டு நிக்கற மாமியாரும்" என்றான். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நல்ல மூலை எது என்று தெரிவதற்காக எதிர் மூலையைக் கத்தரியால் சாய்வாக வெட்டி வைத்தாள்.

எட்டிப் பார்த்தவனைத்தான் பிறகு கட்டிக்கொண்டாள். லேபில் அவனை 'டேய்' என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணத்துக்குப் பிறகு அவன் அம்மா முன்னால் 'என்னங்க' என்று மாறியது. அம்மா படுக்கையில் விழுந்தபோது, யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும் என்றானது. "எனக்கு இன்னும் ஆறே மாசம்தான் பாக்கி. நான் முடிச்சுட்டேன்னா அப்புறம் நீ போ, நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்றான். பொய்யாகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னான். அவன் டாக்டர் ஆனான். மாமியார் இருந்தார், அப்புறம் மகள் வந்தாள், மாமியார் போனார், மகளுக்கு மூச்சிரைப்பு வந்தது. பதிவுக் காலம் முடிந்துவிட்டதாகக் கல்வி நிலையத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். மேசையைக் காலி செய்யப் போன நாளில் மேடம் அந்த ஃபிலிமை எடுத்து அவள் கையில் வைத்தார். "உன்னோடதை நீயே வெச்சுக்க. இருட்டுல, குளிர்ல வை."

அதற்குப் பிறகுதான் கண்ணாடிக் கடை. மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. கடைக்குப் பின்னால் ஒரு குட்டி அறை, தண்ணீர் சொட்டச் சொட்டச் சுற்றுகிற தேய்ப்புக்கல், எந்நேரமும் ஈரமான விரல்கள். அவள் படிப்பு தெரிந்த நாளிலிருந்து கடைக்காரர் அவளை டாக்டரம்மா என்றே கூப்பிட்டார். "டாக்டரம்மா, ஒரு ஆபரேஷன் கேஸ் வந்திருக்கு, கால் உடைஞ்சு போச்சு" என்று சட்டத்தை நீட்டுவார். முதலில் சுருக்கென்று இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அந்தக் கடைக்கு ஒரு நாள் மேடம் வந்தார். தலை முழுக்க வெள்ளை, கையில் உடைந்த கண்ணாடி.

"பவர் ஏறியிருக்கு மேடம்."

"ஏறட்டும். இந்த வயசுல வேற என்ன ஏறப் போகுது?" என்றவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீ இங்கதான் இருக்கேன்னு தெரிஞ்சுதான் வந்தேன். பதிவு விட்டுப்போனவங்களை இந்த ஒரு தடவை திரும்பச் சேத்துக்கறாங்க. கமிட்டி முன்னாடி நான் கூட நின்னு பேசணும். வெறுங்கையோட பேச முடியாது. அந்த ஜோடி இன்னும் உயிரோட இருக்கா?"

"ஃப்ரீசர்ல இருக்காங்க மேடம்."

"மாமியாரோடவா?"

"மாமியார் இல்லாம எங்க போவாங்க?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். கடைக்காரர் எதற்கென்று தெரியாமல் தானும் சிரித்து வைத்தார்.

அவள் வீட்டில் சொல்லவில்லை. அவனுக்கு அப்போது தலைக்கு மேல் தொல்லை. மேடம் இருக்கிற அதே கட்டடத்தில், மாடியில், பல வருஷமாகத் தற்காலிக ஆசிரியராகவே இருந்தான். இந்த வருஷம் ஒரு குழு வந்து பார்க்கும். பிடித்தால் நிரந்தரம், இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அவன் ஆராய்ச்சியும் அதே வளைகிற லேசர்தான். அவனுக்கு வாய்த்த ஒரே மாணவர், ஏதோ காலேஜில் லீவு போட்டுவிட்டு வந்த, தலை நரைக்கத் தொடங்கிய ஒரு லெக்சரர். அவர் ஊற்றுகிற ஃபிலிம் எல்லாம் மினுக்கிவிட்டுப் படுக்கிற ரகம் என்று அவன் வீட்டில் புலம்பாத நாளில்லை. இந்த நேரத்தில் தன் கதையை எதற்குச் சேர்க்க வேண்டும் என்று விட்டுவிட்டாள். அது ஒரு காரணம். முடித்துவிட்டுச் சொல்லி, அவன் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும் என்ற சின்ன ஆசை இன்னொரு காரணம்.

பனி உருக்கிய அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்து வந்த நாளொன்றில், கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு டப்பாவோடு மேடத்தின் லேபுக்குப் போனாள். அதே கறுப்புத் திரை. மேசை மட்டும் புதிது. ஃபிலிமை இடுக்கியால் எடுத்து, வெட்டிய மூலைக்கு எதிர் மூலையைப் பச்சை வெளிச்சத்துக்கு நேராக வைத்தாள். கை நடுங்கவில்லை என்பதில் அவளுக்கே ஒரு பெருமை.

திரையில் ஒன்றும் எழவில்லை. பானையைக் கவிழ்த்தது மாதிரி மந்தமாக ஒரு மேடு, அவ்வளவுதான்.

"இன்னும் கொஞ்சம் பவர் குடுங்க மேடம்."

கொடுத்தார். மேடு கொஞ்சம் உயர்ந்தது. ஊசி இல்லை.

"இன்னும்."

"தாங்காதும்மா."

"பரவாயில்ல, குடுங்க."

ஃபிலிமில் வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்தது. மேடம் பச்சையை அணைத்துவிட்டு, விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம் நின்றார். "வெள்ளிதானே. எத்தனை வருஷம்! கறுத்துப் போயிருக்கும். நாமளே கறுத்துட்டோம்" என்றார்.

"புதுசா ஊத்தித் தரேன் மேடம்."

"கமிட்டி அடுத்த வாரம்மா. ஒண்ணு நல்லா வர்றதுக்கு எத்தனை மாசம் ஊத்தினோம், உனக்கே தெரியும். அதுவரைக்கும் உன் பேரைத் தனியா எடுத்து வெக்கறேன். மறுபடி கேப்பாங்களான்னு தெரியாது."

அன்று சாயங்காலம் அடுப்படியில் நின்று அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மேடம் கடைக்கு வந்தது, ஃபிலிமை எடுத்துக்கொண்டு போனது, மேடு. அவன் கையில் ஏதோ மூடி இருந்தது. அதை வைக்காமல் பிடித்துக்கொண்டே கேட்டான். பிறகு அவளை நாற்காலியில் உட்கார வைத்து முதுகைத் தடவிக்கொடுத்தான். "விடும்மா. இத்தனை வருஷம் தாங்கினதே பெருசு" என்றான். அவனே டீ போட்டான். கோப்பைகளைக்கூட அவனே கழுவினான். பாவம், நமக்காக இவனும் இடிந்துபோய்விட்டானே என்று அவளுக்குத் தோன்றியது. அதுவரை உள்ளே அடக்கியிருந்த அழுகை அப்போதுதான் வந்தது. அவன் மீது சாய்ந்துகொண்டுதான் அழுதாள்.

கமிட்டி மேடத்தின் அறைக்கும் வந்துபோனது. அவள் பெயர் இல்லாமலே வந்துபோனது. அதற்குச் சில நாள் கழித்து அவனுடைய குழு. செய்முறையைச் சின்ன அரங்கில் செய்து காட்டப் போகிறான், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். "நீங்க எதுக்கு வரணும்? ஒரே போர்" என்றான். மகள் விடவில்லை. "என் ஸ்கூல் டான்ஸ் மட்டும் போரடிக்கலையாப்பா உங்களுக்கு? நாங்க வருவோம்." அம்மாவும் மகளும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில், குழுவில் ஒருவராக, மேடத்தின் வெள்ளைத் தலை தெரிந்தது.

லெக்சரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒரு தட்டிலிருந்து ரோஜா நிறத் துண்டு ஒன்றை இடுக்கியால் எடுத்து வைத்தார். விளக்கு அணைந்தது. பச்சை விழுந்தது. பெரிய திரையில் ஊசிகள் எழுந்தன.

இரண்டு உயரம், ஒட்டி ஒட்டி. தள்ளி ஒரு குட்டை.

"அம்மா, ஏன் கையைக் கிள்ளறே?"

அவளுக்குக் காதில் விழவில்லை. கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளை வேறு யாருடைய கையையோ பிடித்துக்கொண்டு எதிரே நடந்து வந்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. நீளம், இடைவெளி, மாமியாரின் சாய்வு, எல்லாம் அதேதான். லெக்சரர் ஃபிலிமை ஒரு பென்சிலைச் சுற்றி வளைத்துக் காட்டினார். ஊசிகள் நகர்ந்தன. திரும்ப நேராக்கினார். மூன்றும் தத்தம் இடத்துக்கே திரும்பி வந்து நின்றன. கைதட்டல். குழுவில் ஒருவர் மறுபடி காட்டச் சொன்னார். காட்டினார்கள். தாடி வைத்த இன்னொருவர் போட்டோ எடுக்க வேண்டும், கொஞ்ச நேரம் அப்படியே வையுங்கள் என்றார். ஜோடி கொஞ்சம் கொஞ்சமாகக் குள்ளமாவதை அந்த அரங்கில் பார்க்கத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். அவள் பாதி எழுந்துவிட்டாள். அவனைக் காட்டிக்கொடுப்பதற்காக எழவில்லை. போதும், அணைத்துத் தொலையுங்கள் என்று கத்துவதற்காக எழுந்தாள். கத்தவில்லை. முன்வரிசையில் மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். பிறகு ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் குளிக்கப் போனாள். அவன் சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"டேய்."

நிமிர்ந்து பார்த்தான். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அந்தச் சொல் கேட்டதில்லை.

"ஜோடியும் மாமியாரும் மேடையில நல்லா இருந்தாங்க."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு சாக்ஸ் காலிலும் இன்னொன்று கையிலுமாக உட்கார்ந்திருந்தான்.

"நீ மேடம்கிட்ட போறேன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா தொட்டிருக்கவே மாட்டேன்."

"எப்ப எடுத்தே?"

"முன்னாடியே. லெக்சரர் ஊத்தினதுல ஒண்ணுகூடத் தேறல. ஒரே ஒரு தடவை அடிச்சுப் பாத்துட்டுத் திருப்பி வெச்சுடலாம்னுதான் எடுத்தேன். அப்படியே துள்ளிக்கிட்டு வந்துது. பாத்ததும்… அவர் தட்டுல வெச்சுட்டேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. தன்னோடதுன்னே நெனச்சுக்கிட்டு இருக்கார். நூத்துல ஒண்ணு இப்படி அமையும்னு எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

"டப்பாவுல அவரோடதை வெச்சே."

"டப்பா காலியா இருந்தா நீ பதறிடுவியேன்னு…"

"மூலையை வெட்டியிருந்துதே."

அவன் கையிலிருந்த சாக்ஸைச் சுருட்டினான்.

"மறந்திருப்பா, கண்டுக்க மாட்டான்னு நெனச்சு எடுத்தவன் மூலையை எதுக்குடா வெட்டணும்? நான் எடுத்து எடுத்துப் பாப்பேன்னு உனக்குத் தெரியும். எதைப் பாப்பேன்னுகூடத் தெரியும்."

"தப்புதான்."

"இன்னும் இருக்கா அது?"

"இல்ல. அந்தத் தாடிக்காரர் போட்டோ எடுத்ததோட போச்சு. வெளுத்துடுச்சு."

குளியலறையில் தண்ணீர் நின்றது. அவன் அவசரமாகக் குரலைத் தாழ்த்தினான். "இங்க பாரு, என் வேலைன்னா அது நம்ம வேலைதானே? நான் மட்டுமா சாப்பிடப் போறேன்? இப்ப நீ வாயைத் திறந்தா என்னோட போகாது. அந்த லெக்சரர், குடும்பஸ்தன், ஒரு பாவமும் அறியாதவர். அவரும் நடுத்தெருவுக்கு வந்துடுவார்." மகள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, "அப்பா, சூப்பர்ப்பா! எனக்கு அந்தப் பென்சில்ல சுத்தினதுதான் பிடிச்சுது" என்றாள். அவன் "தேங்க்ஸ்டா" என்றான்.

மேடம் புதுக் கண்ணாடியை வாங்கிப் போகக் கடைக்கு வந்தார். கடைக்காரர் அவரை உட்கார வைத்துவிட்டு, "டாக்டரம்மா, உங்க பேஷண்ட்" என்று கூவினார். மேடம் காத்திருக்கவில்லை. நேராகப் பின் அறைக்கே வந்துவிட்டார். தேய்ப்புக்கல் சுற்றிக்கொண்டிருந்தது.

"நான் இன்னும் கையெழுத்துப் போடல. குழுவுல என் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. எனக்கு வயசாச்சு, கண்ணு மங்கல். ஆனா அந்த மூணு பீக்கை நான் எங்கயோ பாத்திருக்கேன்."

அவள் கல்லை நிறுத்தவில்லை.

"நீ ஒரு வார்த்தை சொல்லு. உன்னோடதுன்னு சொன்னா, தனியா எடுத்து வெச்ச உன் பேரை நான் திரும்ப உள்ள வெப்பேன். அதுக்கு எனக்கு இன்னும் செல்வாக்கு இருக்கு. அவன் கதை அப்புறம் எப்படி ஆகுமோ ஆகட்டும். சொல்லு."

தியாகம் என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும். அப்போது அவள் மனதில் ஓடியது வீட்டு வாடகையும், மகளின் மருந்தும், 'டாக்டரம்மா' என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இந்த ஈர அறையிலிருந்து கிடைக்கிற சம்பளமும்தான். பயந்துவிட்டாள். அவ்வளவுதான்.

"என் ஃபிலிம்தான் செத்துப்போச்சே மேடம். நீங்களே பாத்தீங்களே."

மேடம் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத் தெரியுதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, பேஷண்ட் கோவமாப் போறாங்க? பவர் தப்பாப் போட்டுட்டீங்களா?" என்றார்.

அன்று சாயங்காலம் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள். மகள் உள்ளே பாட்டுப் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். மேடம் வந்தது, கேட்டது, தான் சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். அவன் கை பாதியில் நின்றிருந்தது. முடித்ததும் பெரிதாக மூச்சு விட்டான்.

"நல்ல வேளை!" என்றான். "நல்ல காரியம் பண்ணே. எனக்கு இந்த நாலு நாளா சோறே இறங்கல." இன்னொரு கரண்டி எடுத்துப் போட்டுக்கொண்டான்.

அவள் எதிரே உட்கார்ந்தாள். "நான் ஒண்ணு கேக்கறேன். கையெழுத்து ஆனதும் நீ மேடம்கிட்ட போ. இவளுக்கு லேப்ல ஒரு மேசை குடுங்கன்னு கேளு. பதிவெல்லாம் வேண்டாம். பட்டம் வேண்டாம். சனிக்கிழமை சனிக்கிழமை நான் வந்து ஊத்திப் பாக்கறேன். மறுபடி ஒண்ணு அமையுதா பாப்போம். நான் கேட்டா மேடம் இனிமே என் முகத்தைப் பாக்க மாட்டாங்க. நீ கேக்கணும்."

அவன் மென்றுகொண்டே யோசித்தான். "கேக்கலாம். ஆனா உடனே வேண்டாம். இப்பப் போய் உனக்காக நான் பேசினா அவங்களுக்குச் சந்தேகம் கெட்டிப்படும். கொஞ்ச நாள் போகட்டும். எல்லாம் ஆறி அடங்கட்டும்."

"எவ்வளவு நாள்?"

"ஒரு ஆறு மாசம்" என்றவன், சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று கவனித்த மாதிரி தட்டைப் பார்த்தான். "ஒரு பேச்சுக்குச் சொல்றேன்."

அவள் கோபப்படவில்லை. மேசை மேல் சிந்தியிருந்ததை விரலால் கூட்டி ஓரமாக ஒதுக்கினாள்.

"இன்னொண்ணு கேக்கறேன். அதுக்காவது பதில் சொல்லு. லேப்ல ஒண்ணும் வரலன்னு நான் வந்து அழுதேனே, அன்னிக்குக் கமிட்டிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்துது. அன்னிக்கே நீ அதை எடுத்துக் குடுத்திருந்தா என் பேரு உள்ள போயிருக்கும். நீ என் முதுகைத் தடவிக் குடுத்தே. டீ போட்டுக் குடுத்தே. அப்ப அந்த ஃபிலிம் எங்க இருந்துது? உன் லேப்லயா? இல்ல, இந்த வீட்டுலயேவா?"

அவன் மீதிச் சாப்பாட்டை மெதுவாக முடித்தான். தட்டை எடுத்துப்போய்த் தொட்டியில் வைத்தான். ஈரக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே வந்து, நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்த தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் பக்கம் திரும்பாமலே அறையை விட்டுப் போனான்.